பிரிக்பீல்ட்ஸ்: பெயர் மாறிய தெருவும் பெயர்ந்துபோன குடிகளும்



சென்ற மாதம் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு உறவுக் கடிதம் எழுதும் பயிற்சி கொடுத்திருந்தேன். ஏடுகளைத் திருத்திக் கொண்டிருந்தபோது, ஒரு மாணவன் தன் முகவரியின் கடைசி வரியில் 'லிட்டில் இந்தியா, 50470 கோலாலம்பூர்' என்று எழுதியிருந்ததைக் கண்டேன். அடுத்த ஏடு அவனுக்குப் பின்வரிசையில் அமரும் மாணவியுடையது. அவள் 'கே.எல். சென்ட்ரல், 50470 கோலாலம்பூர்' என்று எழுதியிருந்தாள். இருவர் வீட்டிற்கும் இடையே நடந்தால் பத்து நிமிடம்கூட ஆகாது. அஞ்சல் குறியீடும் ஒன்றே. ஆயினும் இருவருள் ஒருவரும் 'பிரிக்பீல்ட்ஸ்' என்று எழுதவில்லை.

சிவப்பு மைப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு சற்று நேரம் தயங்கினேன். இது பிழையா? இலக்கணப் பிழை என்றால் வட்டமிடலாம். எழுத்துப் பிழை என்றால் அடித்துத் திருத்தலாம். ஊரின் பெயரே கைநழுவிப் போனதற்கு எந்தக் குறியை இடுவது? இரண்டு ஏடுகளையும் திருத்தாமலே மூடிவைத்தேன். அன்றிரவு தோன்றியவற்றையே இங்கே எழுதுகிறேன்.

கோலாலம்பூர் தொடக்கத்தில் அத்தாப்புக் கூரையும் மரப்பலகையுமாக எழுந்த ஊர். 1881-ஆம் ஆண்டு அவ்வூருக்குப் பொல்லாத ஆண்டு. முதலில் பெருந்தீ ஊரை விழுங்கிற்று. எஞ்சியதை ஆண்டு முடிவதற்குள் வெள்ளம் கொண்டுபோயிற்று. அடுத்த ஆண்டு சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், இனி செங்கல்லாலும் ஓட்டாலுமே கட்டடங்கள் எழும்ப வேண்டும் என்னும் ஏற்பாட்டைக் கொண்டு வந்தார். செங்கல்லுக்கு எங்கே போவது? ஊருக்குத் தெற்கே, கிள்ளான் ஆற்றை ஒட்டிய களிமண் நிலத்தில் சூளைகள் எழுந்தன. கப்பித்தான் யாப் ஆ லோய் இதில் முன்னின்றவர் என்பது வரலாறு. அந்தச் சூளை நிலமே பிரிக்பீல்ட்ஸ். பழைய கோலாலம்பூரின் கடைவீடுகள் இந்த வட்டாரத்து மண்ணைச் சுட்டு எழுந்தவை. தானோ பள்ளமும் சேறுமாய்க் கிடந்து, நகரத்திற்குச் சுவர் தந்த ஊர் இது.

இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகளுக்கு வியப்பாக இருக்கிறது. 'பிரிக் என்றால் செங்கல், பீல்ட் என்றால் வயல். செங்கல் விளைந்த வயல்' என்று ஒரு மாணவன் மொழிபெயர்த்தான். அதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

சூளைக்குப் பின் இரயில் வந்தது. 1886-இல் கோலாலம்பூரைக் கிள்ளான் பக்கம் இணைக்கும் இருப்புப்பாதை திறக்கப்பட்ட பின்னர் பிரிக்பீல்ட்ஸ் இரயில்வேயின் கொல்லைப்புறமாயிற்று. சரக்குப் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் பெருமுற்றமும், பணியாளர் குடியிருப்புகளும் இங்கே அமைந்தன. பெரிய பட்டறை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செந்தூலுக்குப் போய்விட்டாலும் ஆள்கள் இங்கேயே தங்கினர். தண்டவாளம் பதிக்கத் தமிழகத்துத் தொழிலாளர்; கணக்கெழுதவும் நிலையங்களை நடத்தவும் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத் தமிழர்; சிங்களவர், மலையாளி, யூரேசியர்; கடை வைத்த சீனர். இத்தனை பேர் சேர்ந்த இடத்தில் வழிபாட்டிடங்களுக்குக் குறைவிருக்குமா? 1894-இல் சிங்கள பௌத்தர்கள் சங்கம் அமைத்து விகாரைக்கு அடியிட்டார்கள். 1902-இல் ஸ்காட் சாலையில் யாழ்ப்பாணத்தார் கந்தசுவாமி கோவிலை நிறுவினார்கள். 1904-இல் விவேகானந்தா ஆசிரமம் தோன்றியது. கத்தோலிக்கரின் தேவாலயம், தமிழ் மெதடிஸ்டுகளின் தேவாலயம், லூத்தரன் தேவாலயம், சீனர் கோவில் என எல்லாம் ஒரு காலைநடைக்குள் அடங்கும். பின்னர், 1950-களில், பார்வையற்றோர் சங்கமும் இங்கே வந்து நிலைபெற்றது. வெண்கோலைத் தட்டிக்கொண்டு நடக்கும் அண்ணன்மாரையும் அக்காள்மாரையும் வேறெந்த வட்டாரத்திலும் இவ்வளவு இயல்பாகக் காண முடியாது.

தெருப்பெயர்களை மட்டும் வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: ரொசாரியோ, சான் ஆ தோங், தம்பிப்பிள்ளை, தம்பி அப்துல்லா, ஸ்காட், டிராவர்ஸ். யார் யார் இங்கே வாழ்ந்தார்கள் என்று கேட்பவருக்குத் தெருப்பலகைகளே விடை சொல்லிவிடும்.

என் தாய்மாமா இரயில்வேயில் கிராணியாக இருந்தார். எழுபதுகளில் பள்ளி விடுமுறை வந்தால் தோட்டத்திலிருந்து பேருந்தேறி அவர் வீட்டுக்கு வந்துவிடுவேன். 'நூறு குவார்ட்டர்ஸ்' என்று மக்கள் வழங்கிய குடியிருப்பு வரிசை அது. ரொசாரியோ சாலைக்கும் சான் ஆ தோங் சாலைக்கும் இடைப்பட்டது. வெள்ளைக்காரன் காலத்துச் செங்கற்கட்டடம். மாமா வீட்டின் இடப்பக்கம் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அங்கிருந்து ஞாயிறுதோறும் சொதியும் இடியப்பமும் வரும். எங்கள் வீட்டிலிருந்து மீன்குழம்பு போகும். வலப்பக்கம் ஒரு மலையாளி ஆசிரியர். இரவெல்லாம் சரக்குப் பெட்டிகள் ஒன்றோடொன்று மோதும் ஓசை கேட்கும். முதலிரண்டு இரவுகள் தூக்கம் வராது. மூன்றாம் இரவு முதல் அந்த ஓசையில்லாமல் தூக்கம் வராது.

அந்த வீடு மாமாவுடையதன்று. இதைச் சிறுவனாக இருந்தபோது நான் அறியவில்லை. ஓய்வு பெற்றதும் அவர் சாவியை ஒப்படைத்துவிட்டு வெளியேறினார். புறநகரில் ஒரு மலிவுவிலை வீட்டுக்குக் குடிபோனார். முப்பதாண்டுகள் வாழ்ந்த ஊரில் அவருக்குச் சொந்தமாக ஒரு செங்கல்கூட இல்லை. ஊரைக் கட்டியவர்கள், ஊருக்கு உழைத்தவர்கள் என்று மேடையில் எவ்வளவு பேசினாலும், நிலப்பட்டாவில் பெயரில்லாதவனை ஊர் எளிதில் உதறிவிடும். பிரிக்பீல்ட்ஸில் பின்னர் நடந்த எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுவே என்பது என் கருத்து.

பெயர்மாற்றத்தின் கதைக்கு வருவோம். வட்டாரத்தின் நடுவே ஓடும் பெருஞ்சாலைக்கு முன்பு 'பிரிக்பீல்ட்ஸ் ரோடு' என்பதே பெயர். துன் வீ.தி. சம்பந்தன் 1979-இல் மறைந்தபின் அது 'ஜாலான் துன் சம்பந்தன்' ஆயிற்று. நாடு விடுதலை பெற்றபின் வெள்ளையர் இட்ட பெயர்களை மாற்றியதில் தவறேதும் இல்லை. பெர்ச் சாலை மகாராஜாலேலா சாலையானது ஒரு தனிச்சுவை. கொல்லப்பட்ட ரெசிடெண்டின் பெயர் போய், அக்கொலைக்காகத் தூக்கிலிடப்பட்டவரின் பெயர் வந்து அமர்ந்தது! பத்து ரோடு துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலையாகிப் பல்லாண்டுகள் ஆகியும் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் துணியெடுக்கப் 'பத்து ரோட்டுக்கு'த்தான் போனார்கள். 2014-இல் ஈப்போ சாலையின் ஒரு பகுதி சுல்தான் அஸ்லான் ஷா சாலையானது. இன்றும் வழிகேட்டால் ஈப்போ ரோடு என்றுதான் பதில் வருகிறது.

ஆனால், சம்பந்தனார் பெயரை எண்ணும்போது மட்டும் எனக்கு ஒரு நெருடல் உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வீதிக்கு வந்த காலத்தில், 1960-இல், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். சிறுகச் சிறுகப் பணம் கட்டித் தொழிலாளரே தோட்டத்தை வாங்கட்டும். பிறகு எவன் அவர்களை வெளியேற்றுவான் என்று கேட்ட மனிதர். அவர் பெயரைத் தாங்கிய சாலையின் இருமருங்கிலும் வாடகைக் குடிகள் ஒவ்வொருவராக மூட்டை கட்டிய காட்சியை நான் கண்டிருக்கிறேன்.

அவர்கள் ஏன் மூட்டை கட்டினார்கள் என்பதற்குப் பலர் அறியாத ஒரு காரணம் உண்டு. 1948 ஜனவரி 31-க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களுக்கு நம் நாட்டில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. உரிமையாளர் நினைத்தபடி வாடகையை ஏற்றவோ குடியிருப்போரை வெளியேற்றவோ முடியாது. பழைய கடைவீட்டின் கீழே மளிகையோ சலவைக்கடையோ நடத்திக்கொண்டு மேலே குடும்பத்தோடு வாழ முடிந்தது இதனால்தான். 1997-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. கால அவகாசம் முடிந்து 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது பாதுகாப்பு முற்றிலும் போயிற்று. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் பழைய தெருக்கள் அந்த ஓரிரு ஆண்டுகளில் எப்படிக் காலியாயின என்பதை அங்கே வாழ்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அதே வேளையில் மறுபக்கம் வேறொன்று எழுந்துகொண்டிருந்தது. 1992-இல் இரயில்வே, அரசுத் துறை என்னும் நிலையிலிருந்து நிறுவனமாக மாறியது. சரக்குப் பெட்டிகள் மோதிக்கொண்டிருந்த அந்தப் பழைய முற்றம், ஏறத்தாழ 72 ஏக்கர், நகரின் நடுவில் இருக்கும் பொன்விளையும் நிலமாகக் கண்ணில் பட்டது. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவாவின் திட்ட வரைவோடு அங்கே 'கோலாலம்பூர் சென்ட்ரல்' நிலையம் எழுந்து 2001 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அதனைச் சுற்றி விடுதிகள், அலுவலகக் கோபுரங்கள், அடுக்குமாடி இல்லங்கள் எழுந்தன; 2014-இல் பேரங்காடி ஒன்றும் வந்தது. 2003 ஆகஸ்டு 31 முதல் மோனோரயில் துன் சம்பந்தன் சாலைக்கு மேலே ஓடலாயிற்று. புதிய வளாகத்தின் தெருக்களுக்கு 'ஸ்டேசன் சென்ட்ரல்' என்றும், அதனையடுத்து 2, 5 என்று எண்களும் இட்டார்கள். ரொசாரியோவுக்கும் தம்பிப்பிள்ளைக்கும் பக்கத்தில் எண்கள்! சாலையின் ஒருபுறம் கண்ணாடிக் கோபுரம், மறுபுறம் அப்பக்கடை. நடுவில் ஒரு நடைபாலம்.

1964-இல் ரூத் கிளாஸ் என்னும் சமூகவியல் அறிஞர், இலண்டனின் தொழிலாளர் தெருக்களில் வசதிபடைத்தோர் குடியேறி, பழைய குடிகள் அகன்று, தெருவின் இயல்பே மாறிவிடுவதைக் கண்டு அதற்கு ஒரு சொல் படைத்தார். தமிழில் 'மேட்டுக்குடிமயமாதல்' என்கிறார்கள். சொல் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை; ஆனால் பொருள் பொருந்துகிறது. ஒரு வேறுபாடு உண்டு. இலண்டனில் பழைய வீடுகள் அப்படியே நிற்க, ஆள்கள் மாறினார்கள். இங்கே வீடும் போயிற்று, ஆளும் போனார்.

அடுத்து வந்ததுதான் லிட்டில் இந்தியா. 2010 அக்டோபர் 27 அன்று, அன்றைய பிரதமர் நஜிப்பும் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் அதைத் தொடக்கி வைத்தார்கள். செலவு 35 மில்லியன் வெள்ளி. வளைவுகள், விளக்குத்தூண்கள், யானைச் சிலைகளோடு நீரூற்று. அதுவரை கோலாலம்பூரில் லிட்டில் இந்தியா என்றால் மஸ்ஜித் இந்தியா பகுதியைத்தான் சொல்வோம். பின்னர் 2015 நவம்பரில் பிரதமர் மோடி வந்தபோது சாஞ்சித் தூபியின் தோரணவாயிலைப் போன்ற ஒரு வாயிலும் இந்திய அரசின் பரிசாகத் திறக்கப்பட்டது. சாஞ்சி பௌத்தத் தலம். நூறாண்டுக்கு மேலாக இங்கே ஒரு பௌத்த விகாரை இருப்பதை எண்ணும்போது அந்தப் பொருத்தம் எனக்குப் பிடித்திருந்தது.

இந்தப் பெயரைப் பற்றி என் சக ஆசிரியர் ஒருவரோடு பலமுறை வாதிட்டிருக்கிறேன். அவர் சொல்வது இது: "சார், இந்த நகரத்தில் நம்மவர் பெயரில் ஓரிடம் இருக்கிறதே என்று மகிழாமல் குறை சொல்கிறீர்கள். தீபாவளிச் சந்தையைப் பாருங்கள். பூக்கடைக்காரர் பிழைக்கிறார், துணிக்கடைக்காரர் பிழைக்கிறார். பிரிக்பீல்ட்ஸ் என்று வெள்ளைக்காரன் வைத்த பெயரைத்தான் கட்டிக்கொண்டு அழ வேண்டுமா?"

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வரலாறு பேசுகிறவர்கள் பிறர் வயிற்றை மறந்துவிடக் கூடாது. அந்த அலங்காரம் இல்லாதிருந்தால் எஞ்சியிருக்கும் தமிழ்க் கடைகளும் இந்நேரம் காப்பிக்கடைத் தொடர்களுக்கு இடம் கொடுத்திருக்கக் கூடும்.

எனினும் என் மறுப்பு வேறு. செங்கல் எல்லாருக்கும் பொது. பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயருக்குள் சான் ஆ தோங்கும் ரொசாரியோவும் அடங்கினார்கள். கந்தசுவாமி கோவிலைக் கட்டியவர்கள் இலங்கையிலிருந்து வந்தவர்கள். விகாரையைக் கட்டியவர்களும் அப்படியே. அவர்களை எந்த இந்தியாவில் சேர்ப்பது? என் மாணவர்களின் பாட்டன்மாரே இந்தியாவை விட்டு வந்து நூறாண்டு ஆகப்போகிறது. இந்த மண்ணில் சுட்ட செங்கல்லின் பெயரை விட்டுவிட்டு, கடல்கடந்த நாட்டின் 'சிறிய' பதிப்பு என்று நம் தெருவை நாமே அழைத்துக்கொள்வது, நாம் இங்கே விருந்தாளிகள் என்று ஒப்புக்கொள்வது போலத் தோன்றுகிறது. சக ஆசிரியர் இதை ஏற்கவில்லை. தேநீர் ஆறிப்போனதுதான் மிச்சம்.

இவ்விடத்தில் சிங்கப்பூர்த் தேக்காவைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நெடுங்காலம் அது தேக்கு மரத்தால் வந்த தமிழ்ப்பெயர் என்றே எண்ணியிருந்தேன்! அது ஹொக்கியன் சொல். சிறுமூங்கிலின் அடிவாரம் என்று பொருள். அங்கே 1915-இல் எழுந்த சந்தைக்கு, அருகிலிருந்த எருமைப்பட்டிகளை ஒட்டிக் கண்டாங் கெர்பாவ் என்று மலாய்ப்பெயர். 1982-இல் சந்தையைச் சாலையின் எதிர்ப்புறம் புதுக்கட்டடத்திற்கு மாற்றியபோது, தேக்காவை மாண்டரின் ஒலிப்புக்குத் திருத்தி 'சூச்சியாவ்' நிலையம் என்று பெயரிட்டார்கள். எழுத்து அதே சீன எழுத்துதான். ஆனால் மீன் வாங்கப் போன தமிழ்ப்பாட்டியும் ஹொக்கியன் பாட்டியும் தேக்கா என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2000-இல் அரசு அதனைத் தேக்கா நிலையம் என்றே மாற்றிவிட்டது. அதே சிராங்கூன் சாலையில் உள்ள வீரமாகாளியம்மன் கோவிலைப் பழைய தமிழர்கள் 'சுண்ணாம்புக் கம்பத்துக் கோவில்' என்றார்கள். அங்கே சுண்ணாம்புக் காளவாய், இங்கே செங்கற்சூளை. இரண்டு நகரங்களையும் பூசிக் கட்டிய இடங்களில்தான் நம்மவர்கள் குடியிருந்தார்கள்! ஆனால் சுண்ணாம்புக் கம்பம் என்ற பெயரை இன்று கோவில் வரலாற்றைப் படிப்பவர்களைத் தவிர யார் அறிவார்? தேக்கா பிழைத்தது, சுண்ணாம்புக் கம்பம் பிழைக்கவில்லை. பாட்டிமார் சந்தைக்கு வந்துகொண்டே இருந்ததால் தேக்கா பிழைத்தது என்று நினைக்கிறேன்.

நம் பக்கத்திலும் ஒன்று உண்டு. பிரிக்பீல்ட்ஸிலிருந்து சற்றுத் தொலைவில் கம்போங் கெரிஞ்சி. சுமத்திராவின் கெரிஞ்சியிலிருந்து வந்தோரின் பெயர் கொண்ட ஊர். வீடமைப்பு நிறுவனம் தன் புதிய வளாகத்தைப் 'பங்சார் சவுத்' என்று விற்றது. பங்சார் என்றால் விலை கூடும் அல்லவா? அந்தப் பங்சாரே ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டம் என்பதை வாங்குவோரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 2018-இல் பழைய பெயரை மீட்க வேண்டும் என்னும் குரல் வலுத்தது. மீட்டாலும் மீட்காவிட்டாலும், அங்கே வாழ்ந்தவர்கள் அதற்கு வேறு பெயர் சொல்லி நான் கேட்டதில்லை.

நூறு குவார்ட்டர்ஸ் 2010-களில் இடிக்கப்பட்டது. விவேகானந்தா ஆசிரமத்திற்கும் ஆபத்து வந்தது. 2014-இல் அவ்வளாகத்தில் அடுக்குமாடி எழுப்பும் திட்டம் வெளியானதும் பொதுமக்கள் திரண்டெழுந்து எதிர்த்தார்கள். 2016-இல் அது மரபுடைமைக் கட்டடமாக அறிவிக்கப்பட்டது. ஆசிரமத்திற்காகத் திரண்ட கூட்டம் குவார்ட்டர்ஸுக்காகத் திரளவில்லை. கோவிலுக்கும் ஆசிரமத்திற்கும் காவலர் உண்டு. குடியிருந்த வீட்டிற்கு, குடியிருந்தவர்கள் போனபின் யார் இருக்கிறார்கள்?

நான் பணியில் சேர்ந்த காலத்தில் எங்கள் பள்ளியில் ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டு வகுப்புகள் இருந்தன. இப்போது ஒன்றே, அதிலும் பாதிப் பிள்ளைகள் பூச்சோங்கிலிருந்தும் காஜாங்கிலிருந்தும் பெற்றோர் வேலைக்கு வரும் வண்டியில் விடியுமுன் கிளம்பி வருகிறார்கள். முதல் பாடவேளையில் கண்ணயர்ந்து போகிறார்கள். நான் எழுப்புவதில்லை.

மாமா காலமாவதற்கு முந்தைய ஆண்டு, அவரை வண்டியில் அழைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் தகரவேலி அடைத்திருந்தது. இறங்கமாட்டேன் என்றார். கண்ணாடியை மட்டும் இறக்கச் சொல்லி, வேலியையே பார்த்துக் கொண்டிருந்தார். "மருமகனே, மாமரம் இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்று கேட்டார். எனக்கும் அடையாளம் தெரியவில்லை.

மறுநாள் அந்த இரண்டு ஏடுகளையும் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். முகவரியைத் திருத்தவில்லை. வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம், 'நீங்கள் சிறுவராக இருந்தபோது இந்த இடத்தை என்ன பெயர் சொல்லி அழைத்தீர்கள்?' என்று கேட்டு எழுதி வரச் சொன்னேன். இதுவரை பதினொரு தாள்கள் வந்திருக்கின்றன. 'பெருக்கிப்பீல்சு' என்று ஒரு பாட்டி சொன்னதை அவர் பேத்தி அப்படியே எழுதி வந்திருக்கிறாள். அதற்கும் நான் வட்டமிடவில்லை. மற்றத் தாள்கள் வந்தபின் அவற்றையும் இங்கே பதிவிடுகிறேன்.